பேரண்டத் தோற்றமும் ஐயத்தின் பணியும்

கி.பி. 964ஆம் ஆண்டளவில் பாரசீக நாட்டு இஸ்ஃபஹான் நகரில் வாழ்ந்த வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, நிலைத்த விண்மீன்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில், ஆந்திரமேதா எனும் விண்மீன் குழுவினருகே சிறுமேகம் போன்றதொரு மங்கலான ஒளித்திட்டு தென்படுவதைக் குறித்து வைத்தார். தொலைநோக்கி பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர், வெறுங்கண்ணால் கண்டு எழுதிய குறிப்பு அது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1923ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியை அதே சிறுமேகத்தின்பால் திருப்பிய எட்வின் ஹபிள், அதனுள் ஒளி கூடிக்குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அதன் ஒளியளவைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டபோது, அச்சிறுமேகம் நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனியொரு விண்மீன் திரள் என்பது புலனாயிற்று. ஒரே நாளில் பேரண்டம் பன்மடங்கு பெரிதாகிவிட்டது எனலாம்.

ஹபிள் கணித்த தொலைவு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஒளியாண்டு. இன்று நாம் ஏற்பது ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ஒளியாண்டு. அவர் கண்ட உண்மை நிலைத்தது; அவர் சொன்ன எண் மாறியது. அறிவியலில் எது நிலைக்கும், எது மாறும் என்பதைப் பிரித்தறியும் திறமே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளின் உயிர்நாடியாகும்.

பேரண்டம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து விரிந்து குளிர்ந்து இன்றைய நிலையை அடைந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கை இன்று உலகெங்கும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதே வேளையில், அக்கொள்கை வீழ்ந்துவிட்டது என்று கூறும் கட்டுரைகளும் அவ்வப்போது வெளிவருகின்றன. நம் சமுதாயத்தாரிடையேயோ இரு போக்குகளைக் காண்கிறோம். ஒரு சாரார், இக்கொள்கையைத் திருமறையின் வசனத்தோடு பொருத்தி, அறிவியல் இன்று கண்டதை மறை அன்றே கூறிவிட்டது என மேடையில் முழங்குகின்றனர். மற்றொரு சாரார், இக்கொள்கையை ஐயுறுவோர் பட்டியலைக் காட்டி, அறிவியலே ஊகக் குவியல் என்கின்றனர். இவ்விரண்டுமே ஆராயத்தக்கன. அதற்கு முதற்கண், ஐயுற்றோர் யாவர், அவர்கள் கேட்ட வினாக்கள் யாவை, அவற்றுக்குக் கிடைத்த விடைகள் எத்தகையன என்பதை வரலாற்று முறையில் காண்போம்.

கொள்கை பிறந்த கதை

1915ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையை வெளியிட்டார். 1917இல் அதனைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தபோது, சமன்பாடுகள் பேரண்டத்தை அசையாமல் நிற்க விடவில்லை. அன்றைய அறிஞர் அனைவரையும்போல் அவரும் பேரண்டம் நிலையானது என நம்பியமையால், அதனை நிறுத்தி வைப்பதற்கென்றே அண்டவியல் மாறிலி என்ற உறுப்பொன்றைச் சேர்த்தார். ரஷ்யக் கணித அறிஞர் அலெக்சாந்தர் ஃபிரீட்மன் 1922இலும், பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியலறிஞருமான ஜார்ஜ் லெமேத்ர் 1927இலும், பேரண்டம் விரியலாம் என்பதைச் சமன்பாடுகளிலிருந்தே பெற்றனர். 1929இல் ஹபிள், தொலைவு மிகுந்த விண்மீன் திரள்களின் ஒளி அத்தொலைவிற்கேற்பச் சிவப்பு நிறத்தின் பக்கம் நகர்ந்திருப்பதைக் காட்டினார். செந்நகர்வு எனப்படும் இதுவே விரிவுக்குச் சான்றாயிற்று. 1931இல் லெமேத்ர், விரிவைப் பின்னோக்கிச் செலுத்தினால் எல்லாப் பொருளும் ஒருங்கே செறிந்திருந்த தொடக்கநிலையை அடைவோம் என்று கூறி, அதனை ஆதி அணு என்றார்.

பெருவெடிப்பு என்ற சொல் நம்மை மயக்குதல் கூடாது. வெற்றிடத்தின் நடுவே வெடிகுண்டு வெடித்துச் சிதறல்கள் பறப்பதைப் போன்றதன்று இது. ஊதப்படும் பலூனின் மேல் இட்ட புள்ளிகள், தாம் நகராமலே ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைப் போல, வெளியே விரிகின்றது. எப்புள்ளியும் நடுவன்று. மேலும், எல்லாவற்றிற்கும் முந்திய முதற்கணத்தில் நிகழ்ந்தது யாது என்பதை இக்கொள்கை விளக்குவதில்லை. அந்நிலையில் நாம் அறிந்த இயற்பியல் விதிகள் செயலிழக்கின்றன. இக்கொள்கை விளக்குவது தொடக்கத்தை அன்று. தொடக்கத்தை அடுத்து நிகழ்ந்த வளர்ச்சியையே ஆகும். ஐயங்களை எடைபோடும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பெயரிட்டவரே மறுத்தவர்

கொள்கைக்கு எதிரான முதல் ஐயம் மிகவும் நேர்மையானது. ஹபிள் அளந்த விரிவு வேகம், ஒரு மெகாபார்செக் தொலைவிற்கு, அஃதாவது ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டிற்கு, நொடிக்கு 500 கிலோமீட்டர். அதனைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டே ஆகும். ஆனால் கதிரியக்க முறையால் அளக்கப்பட்ட புவியின் பாறைகளோ அதனினும் முதியனவாயிருந்தன. தாயினும் மகள் மூத்தவளாக இருத்தல் எங்ஙனம்?

இவ்விடரை முன்னிறுத்தி, 1948ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு, ஃபிரெட் ஹாயில் ஆகிய மூவரும் மாறாநிலைக் கொள்கையை வெளியிட்டனர். பேரண்டம் விரிகிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. விரிவினால் உண்டாகும் இடைவெளியில் புதுப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால், ஒட்டுமொத்தத் தோற்றம் என்றும் மாறுவதில்லை என்றனர். ஆற்றில் நீர் ஓடிக்கொண்டே இருந்தும் ஆறு அதே ஆறாகத் தோன்றுவது போன்றது இது. புதிதாகத் தோன்ற வேண்டிய பொருளின் அளவோ எந்த ஆய்வுக்கூடமும் கண்டறிய இயலாத அளவிற்கு நுண்ணியது. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே அகவைச் சிக்கலும் இல்லை.

1949ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியில் உரையாற்றிய ஹாயில், தாம் மறுக்கும் கொள்கையைச் சுட்டுவதற்குப் பெருவெடிப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கையாண்டார். இகழ்ச்சியாகவே அப்பெயரைச் சூட்டினார் என்பர் பலர். கேட்போர் மனத்தில் வேறுபாடு தெளிவாகப் பதிவதற்கே கூறியதாக ஹாயில் பின்னர் விளக்கினார். எவ்வாறாயினும், ஒரு கொள்கைக்கு அதன் தலைசிறந்த எதிரியே பெயரிட்ட புதுமை இங்கு நிகழ்ந்தது.

அகவைச் சிக்கல் தீர்ந்தது வேறு வழியில். தொலைவை அளக்கப் பயன்பட்ட ஒளிமாறும் விண்மீன்களில் இருவகை உண்டென்பதை வால்டர் பாடே கண்டு, 1952இல் அறிவித்தார். பேரண்டத் தொலைவுகள் ஒரேயடியாக இரு மடங்காயின. அகவையும் அவ்வாறே உயர்ந்தது. பின்வந்த அளவீடுகள் அதனை மேலும் உயர்த்தின. ஐயம் எழுப்பியோர் சுட்டிய முரண் உண்மையானதே. ஆயினும் பிழை கொள்கையில் இல்லை, அளவுகோலில் இருந்தது.

எதிர்ப்பாளரின் கொடை

மாறாநிலைக் கொள்கையினரின் மறுப்பு வீண்போகவில்லை என்பது நோக்கத்தக்கது. பெருவெடிப்பின் வெப்பத்திலேயே எல்லாத் தனிமங்களும் சமைந்தன என ஜார்ஜ் காமோவ் கருதினார். அத்தகைய வெப்பத் தொடக்கம் இல்லையெனக் கூறிய ஹாயில், தனிமங்கள் பின் எங்கே சமைந்தன என்று காட்டக் கடமைப்பட்டார். அதன் பயனாக, மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஹாயில் ஆகிய நால்வரும் 1957இல் வெளியிட்ட ஆய்வுரை, கரியும் உயிர்வளியும் இரும்பும் விண்மீன்களின் கருவறையில் உருவாயின என்பதை நிறுவியது. நம் குருதியிலுள்ள இரும்பு, ஏதோ ஒரு பழைய விண்மீனின் கொடை என்பதை நாம் அறிந்தது பெருவெடிப்பை மறுத்தவர்களின் உழைப்பால்தான். ஃபௌலர் இத்துறைப் பணிக்காக 1983இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வாண்டு அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

ஆனால், எளிய தனிமமான ஹீலியத்தின் கணக்கு விண்மீன்களுக்குள் அடங்கவில்லை. பேரண்டத்தின் சாதாரணப் பொருளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஹீலியமாக உள்ளது. இவ்வளவையும் விண்மீன்கள் ஆக்கியிருத்தல் அரிது என்பதை 1964இல் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் அதே ஹாயில்தான். தம் கொள்கைக்கு ஊறு விளைவிக்கும் கணக்கையும் மறையாது வெளியிட்டமை அவருடைய அறிவு நேர்மைக்குச் சான்றாகும்.

தீர்ப்புக் கூறிய இரைச்சல்

மாறாநிலைக் கொள்கை அழகியது, சோதிக்கத்தக்கதும் ஆகும். பேரண்டம் என்றும் ஒரே தோற்றமுடையது எனில், தொலைவில் காணும் பழைய காலமும் அருகில் காணும் அண்மைக் காலமும் ஒத்திருத்தல் வேண்டும். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் தலைமையிலான குழுவினர் வானொலி அலைமூலங்களை எண்ணி, தொலைவில் அவை மிகுந்திருப்பதாக 1955இல் அறிவித்தனர். அப்பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தமையை ஆஸ்திரேலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். அவ்வேளையில் ஐயுற்றோரே சரியாயினர். ஆயினும் திருத்திய அளவீடுகள் 1961இல் வெளிவந்தபோது முடிவு மாறவில்லை. பழைய பேரண்டம் இன்றையதினின்று வேறுபட்டதே என்பது உறுதியாயிற்று.

இறுதி அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. 1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடத்தின் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்றில் ஓயாத மெல்லிய இரைச்சலைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினாலும், இரவாயினும் பகலாயினும், கோடையாயினும் குளிராயினும் அது மாறவில்லை. அலைவாங்கியில் குடியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவிய பின்னும் அது நின்றபாடில்லை. தனிவெப்பநிலை அளவில் ஏறத்தாழ 3 பாகை வெப்பமுடைய நுண்ணலைக் கதிர்வீச்சு வானெங்கும் நிறைந்துள்ளது என்பது 1965இல் வெளியாயிற்று. அத்தகைய எச்ச வெப்பம் இருத்தல் வேண்டும் என்று ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948லேயே கணித்திருந்தனர். அவர்கள் சொன்ன அளவு 5 பாகை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அலைவரிசை இல்லாதபோது தோன்றிய புள்ளி மழையிலும் இந்த ஆதி வெப்பத்தின் சிறுபங்கு கலந்திருந்தது என்பர்.

1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள், இக்கதிர்வீச்சின் நிறமாலை கோட்பாட்டு வளைகோட்டோடு வியத்தகு முறையில் பொருந்துவதை 1990இல் காட்டியது. 1992இல், அக்கதிர்வீச்சில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்றத்தாழ்வுகள் உள்ளமையையும் கண்டது. பின்னாளில் விண்மீன் திரள்களாக விளைந்த வித்துகள் அவையே.

மாறாநிலைக் கொள்கையை ஆர்வத்துடன் ஆதரித்த டென்னிஸ் சியாமா என்னும் அறிஞர், அறுபதுகளில் சான்றுகள் குவிந்தபோது தம் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கட்சி மாறினார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் ஆய்வு நெறியாளர் அவரே. தாம் விரும்பிய கொள்கையைச் சான்றின்முன் கைவிடுதல் இழிவன்று. அறிஞனுக்கு அதுவே அணிகலன்.

களைத்த ஒளியும் பிணைந்த திரள்களும்

செந்நகர்வுக்கு வேறு விளக்கம் தேடியோரும் உளர். 1929லேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, ஒளி நெடுந்தொலைவு பயணம் செய்கையில் ஆற்றலை இழந்து களைப்பதால் சிவக்கிறது. விண்மீன் திரள்கள் விலகவில்லை என்றார். கேட்பதற்கு எளிய இக்கருத்து இன்றும் பல பெயர்களில் உலவுகிறது. இதனைச் சோதிக்கும் வழியும் எளியதே. வெளி விரிகிறது என்பது மெய்யாயின், தொலைவிலுள்ள நிகழ்ச்சிகள் மெதுவாக நிகழ்வன போலத் தோன்றுதல் வேண்டும். வெறுமனே ஒளி களைத்ததாயின், காலம் நீளாது. மீயொளிர் விண்மீன் வெடிப்பொன்று ஒளிர்ந்து மங்க அருகில் 20 நாள் எடுக்குமாயின், செந்நகர்வு 0.5 உள்ள தொலைவில் அதே வெடிப்பு 30 நாள் எடுப்பதாகத் தோன்றும். தொண்ணூறுகளின் இடைப்பகுதி முதல் நடந்த அளவீடுகள் காலம் நீள்வதையே காட்டின. களைத்த ஒளிக் கொள்கை இச்சோதனையில் தேறவில்லை.

அமெரிக்க வானியலறிஞர் ஹால்டன் ஆர்ப் வேறொரு வினாவை எழுப்பினார். 1966இல் விந்தை வடிவத் திரள்கள் 338 கொண்ட படத்தொகுப்பை வெளியிட்ட அவர், மிகுந்த செந்நகர்வுடைய குவேசார்கள் சில, குறைந்த செந்நகர்வுடைய திரள்களோடு இணைந்திருப்பதாகத் தோன்றும் படங்களைக் காட்டினார். அவை உண்மையிலேயே இணைந்தவையாயின், செந்நகர்வு தொலைவைக் காட்டும் என்ற அடிப்படையே ஆட்டங்காணும். பெரும்பாலோர் அவற்றைப் பார்வைக் கோட்டில் தற்செயலாக ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தவை என்றனர். எண்பதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியத் தொலைநோக்கிகளில் அவருக்கு இவ்வாய்விற்கான நேரம் மறுக்கப்பட்டது. அவர் ஜெர்மனிக்குச் சென்று மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்து, 2013இல் மறைந்தார். குவேசார்களைச் சுற்றிய தாய்த்திரள்கள் அதே செந்நகர்வுடன் காணப்பட்டமையும், 1979 முதல் குவேசார்களின் ஒளி இடையிலுள்ள திரள்களின் ஈர்ப்பால் வளைந்து இரட்டை உருவாய்த் தோன்றுவது கண்டறியப்பட்டமையும், அவை மெய்யாகவே நெடுந்தொலைவில் உள்ளன என்பதை நிறுவின. ஆர்ப் கருத்து பொருந்தவில்லை. எனினும், பொருந்தாதெனக் கருதுவோர் அவருக்குத் தொலைநோக்கியை மறுத்தது முறையா என்ற வினா தனியே நிற்கிறது. விடை தெரிந்தது என்பதற்காக வினாவைத் தடுப்பது அறிவியலின் இயல்பன்று.

இந்திய நாட்டு மறுப்புக் குரல்

இவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. மகாராட்டிரத்தின் கோலாப்பூரில் 1938இல் பிறந்த ஜெயந்த் நர்லிகர், கேம்பிரிட்ஜில் ஹாயிலின் மாணவராகி, அவருடன் இணைந்து புதியதோர் ஈர்ப்புக் கொள்கையையும் உருவாக்கினார். 1993இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ், நர்லிகர் மூவரும் பகுதி மாறாநிலைக் கொள்கையை வெளியிட்டனர். பேரண்டம் நெடுங்காலத்தில் விரிந்துகொண்டே செல்கையில், இடையே விரிவதும் சுருங்குவதுமாக ஊசலாடுகிறது என்பதும், புதுப்பொருள் அங்கங்கே சிறு வெடிப்புகளாகத் தோன்றுகிறது என்பதும், பின்னணிக் கதிர்வீச்சு என்பது விண்வெளியிலுள்ள நுண்ணிய இரும்பு ஊசிகள் விண்மீன் ஒளியை உறிஞ்சி உமிழ்வதால் விளைவது என்பதும் அக்கொள்கையின் சாரம். பின்வந்த செயற்கைக்கோள்கள் அக்கதிர்வீச்சில் துல்லியமாக அளந்த ஏற்றத்தாழ்வுகளின் ஒழுங்கை இக்கொள்கையால் பெருவெடிப்புக் கொள்கையின் அளவிற்கு விளக்க இயலவில்லை. ஆதலால் பெரும்பாலான அறிஞர் இதனை ஏற்கவில்லை.

2004ஆம் ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்ட திறந்த மடலொன்று ஆங்கில அறிவியல் வார இதழில் வெளிவந்தது. பாண்டி, கோல்டு, நர்லிகர் ஆகியோரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். கண்டறியப்படாத கற்பனைப் பொருள்கள் பலவற்றின் மேல் பெருவெடிப்புக் கொள்கை நிற்கிறது. மாற்றுக் கருத்துடைய ஆய்வுகளுக்கு நிதியுதவி கிட்டுவதில்லை என்பன அம்மடலின் குறைகள்.

நர்லிகர் 1988இல் புனே நகரில் நிறுவிய வானியல், விண்ணியற்பியல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மையத்தில், அவர் ஏற்காத பெருவெடிப்புக் கொள்கை சார்ந்த ஆய்வுகளும் தழைத்தன. பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியரும் மாணவரும் அங்குச் சென்று ஆராய வழி பிறந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது, அவர் கொள்கையை ஏற்றோரும் ஏலாதோரும் ஒருசேர வருந்தினர். மாற்றுக் கருத்தினருக்கும் தம் இல்லத்தில் இடமளித்த அப்பண்பு, அவர் கொள்கையினும் நெடிது வாழும் என்று நாம் நம்புகிறோம்.

இன்றும் நிற்கும் ஐயங்கள்

பழைய ஐயங்கள் தீர்ந்தன என்பதால் இன்று ஐயமே இல்லை என எண்ணுதல் தவறு. பேரண்டத்தின் உள்ளடக்கத்தில் நாம் அறிந்த சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடே. ஏறத்தாழ 27 விழுக்காடு கரும்பொருள். எஞ்சிய ஏறத்தாழ 68 விழுக்காடு கருமை ஆற்றல். முன்னதன் துகளை எவரும் நேரில் பிடித்ததில்லை. பின்னது, பேரண்ட விரிவு நாளுக்கு நாள் விரைவுறுகிறது என்று 1998இல் கண்டறிந்தபோது ஏற்க வேண்டியதாயிற்று. ஐன்ஸ்டைன் சேர்த்துப் பின் கைவிட்ட அந்த மாறிலியே வேறு வேடத்தில் மீண்டும் வந்தது எனலாம்.

விரிவின் வேகத்தை இரு வழிகளில் அளக்கின்றனர். பின்னணிக் கதிர்வீச்சைக் கொண்டு அளந்தால் ஒரு மெகாபார்செக்கிற்கு நொடிக்கு 67 கிலோமீட்டரும், அருகிலுள்ள விண்மீன்களைக் கொண்டு அளந்தால் ஏறத்தாழ 73 கிலோமீட்டரும் கிடைக்கின்றன. வேறுபாடு சிறிதே, ஆயினும் அளவீடுகளின் துல்லியம் கூடக்கூட அது கரையவில்லை. லித்தியம் என்னும் தனிமம், கொள்கை கணிக்கும் அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே பழைய விண்மீன்களில் காணப்படுகிறது. பேரண்டம் முதற்கணத்தில் மிகைவேகத்தில் உப்பியது என்று ஆலன் கூத் எண்பதுகளின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்தை, அதனை வளர்த்தவர்களுள் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்டே இன்று கடுமையாக மறுக்கிறார். அக்கருத்திற்கு நேர்ச்சான்று கிடைத்துவிட்டதாக 2014இல் தென்துருவத்திலிருந்து வந்த அறிவிப்பு, விண்தூசியின் விளைவே என்று பின்னர்த் தெரிந்தது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, எதிர்பார்த்ததினும் ஒளிமிகுந்த திரள்களைப் பேரண்டத்தின் இளமையிலேயே காட்டுகிறது. கருமை ஆற்றல் காலத்தோடு மாறலாம் என்பதற்கான குறிப்புகளை, அரிசோனாவிலிருந்து இயங்கும் திரள் அளவாய்வு ஒன்று 2024இலும் 2025இலும் வெளியிட்டது.

ஜேம்ஸ் வெப்பின் முதற்படங்கள் 2022இல் வந்தபோது, பெருவெடிப்புக் கொள்கை பொய்த்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அப்படங்கள் கேள்விக்குள்ளாக்கியது, திரள்கள் எவ்வளவு விரைவில் உருவாயின என்ற கணிப்பையே. விரிவையோ, ஆதி வெப்பத்தையோ, ஹீலியத்தின் அளவையோ அவை அசைக்கவில்லை. கூரை ஓடு ஒழுகுகிறது என்றால் ஓட்டை மாற்ற வேண்டும். ஒழுகலைக் காட்டி வீட்டிற்கு அடித்தளமே இல்லை என்பது அறியாமை. அடித்தளம் உறுதி என்பதால் ஒழுகலே இல்லை என்பது பிடிவாதம்.

ஐயம் நமக்கு அயலானதன்று

ஐயுறுதல் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த பழக்கம் என்பர் சிலர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில், எண்ணூறாண்டுக் காலம் வானியலின் வேதமெனப் போற்றப்பட்ட தாலமியின் நூல்களை எதிர்த்து ஐயங்கள் என்றே பெயரிட்டு ஒரு நூல் யாத்தார். முன்னோர் நூலைப் பயில்வோன் அதற்கு எதிர்வழக்காடியாகத் தன்னை ஆக்கிக்கொள்ள வேண்டும். அதே வேளை தன் தீர்ப்பையும் ஐயுற வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் எழுப்பிய ஐயங்கள், மராகா வானாய்வகத்தில் நஸீருத்தீன் தூஸியையும் திமிஷ்க் நகரில் இப்னுஷ் ஷாத்திரையும் புதிய கோள் அமைப்புகளை வகுக்கத் தூண்டின. அவ்வமைப்புகளை ஒத்த கணித முறைகள் பின்னர்க் கோபர்னிகசின் நூலில் காணப்படுகின்றன. சொல்பவர் யாரென நோக்காது, சொல்லப்பட்டதன் மெய்ம்மையை நோக்குவதே அறிவு என வள்ளுவர் வகுத்த இலக்கணமும் இதுவே.

ஆகவே, ஓர் ஐயத்தை எதிர்கொள்ளும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். முதலாவது, இவ்வையத்தை எழுப்புவோர் முன்னைய கொள்கை ஏற்கெனவே விளக்கியவற்றையும் விளக்குகின்றனரா? இரண்டாவது, தம் மாற்றுக் கருத்து பொய்யாகக்கூடிய சோதனையை முன்வைக்கின்றனரா? மூன்றாவது, அச்சோதனையில் தோற்றால் ஏற்கும் மனம் உண்டா? முதலிரண்டிலும் ஹாயில் தொடக்கத்தில் வென்றார். மூன்றாவதில், 2001இல் மறையும்வரை அவர் இணங்கவில்லை. சியாமா இணங்கினார்.

மறையும் கொள்கையும்

இனி, தொடக்கத்தில் சுட்டிய நம் சமுதாய வினாவிற்கு வருவோம். 1951ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இக்கொள்கை படைப்பைப் பற்றிய சமயக் கருத்திற்கு அரணாவதாகப் பொருள்படப் பேசினார். அதனைக் கேட்டு மகிழ வேண்டியவர் லெமேத்ர். கொள்கையின் தந்தையும் அவர், குருவும் அவர். ஆயினும் அவர் மனம் ஒப்பவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது; அதனை நம்பிக்கைக்குத் தூணாக்கலாகாது என்பதே அவர் நிலை. அவ்வேளையில் பாடேயின் திருத்தம்கூட வெளிவரவில்லை. பேரண்டம் புவியினும் இளையதாகவே கணக்கில் நின்றது என்பதை எண்ணினால் அவர் முன்னெச்சரிக்கையின் ஆழம் புரியும்.

திருக்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயத்தின் முப்பதாம் வசனத்தை இக்கொள்கைக்கு முன்னறிவிப்பாகக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கி.பி. 923இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்), இவ்வசனத்திற்கு முன்னோர் கூறிய பல விளக்கங்களைத் தொகுத்துள்ளார். வானம் மழையாலும் பூமி தாவரத்தாலும் திறக்கப்பட்டதைச் சுட்டுவதாகக் கொண்டோரும் அவர்களுள் உளர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் இவ்வசனத்தை ஓதி இறைவனின் வல்லமையை உணர்ந்தனர். அதற்கு அவர்களுக்கு ஹபிளின் தொலைநோக்கி தேவைப்படவில்லை. மறையின் மெய்ம்மையை இன்றைய கொள்கையொன்றோடு முடிச்சிட்டால், நாளை அக்கொள்கை திருத்தப்படும்போது இளைஞர் உள்ளத்தில் எழும் கலக்கத்திற்கு நாமே பொறுப்பாளராவோம். மாறாநிலைக் கொள்கை மேலோங்கியிருந்த நாளில் யாரேனும் அதனோடு மறையைப் பிணைத்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உலகம் தொடக்கமற்றது என்ற தத்துவவாதிகளின் வாதத்தைப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் மறுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அதே நூலின் முன்னுரையில், கிரகணம் பற்றி வானியலார் கணித முறையால் நிறுவியதைச் சமயத்தின் பெயரால் மறுப்போர் சமயத்திற்கே தீங்கிழைக்கின்றனர் எனும் கருத்தை வலியுறுத்தினார். அவருக்கு மறுப்பு எழுதிய இப்னு ருஷ்தும் அவரும் பெரிதும் முரண்பட்டனர். ஆயினும் இருவருமே வாதத்தை வாதத்தால் எதிர்கொண்டனர். படைத்தவன் ஒருவன் என்னும் நம் நம்பிக்கை, பேரண்டத்தின் அகவை 1380 கோடி ஆண்டாயினும் வேறாயினும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நம்பிக்கையைக் காக்கும் பொருட்டு அறிவியலைத் திரிக்க வேண்டியதில்லை; அறிவியலைப் போற்றும் பொருட்டு அதனைத் திருமறையாக்க வேண்டியதும் இல்லை.

நிறைவாக

பெருவெடிப்புக் கொள்கை, எதிர்ப்பே இல்லாமையால் வென்றதன்று. தலைசிறந்த எதிர்ப்பாளர்கள் வாய்த்தமையாலேயே வலிவு பெற்றது. அவர்கள் கேட்டமையால் அளவுகோல்கள் திருத்தப்பட்டன, தனிமங்களின் தாய்வீடு தெரிந்தது, எண்ணிக்கைகள் துல்லியமாயின. நாளை ஒருகால் இதனினும் விரிந்த கொள்கை தோன்றலாம். அன்றும் பின்னணிக் கதிர்வீச்சு வானில் இருக்கும். ஹீலியம் நாலிலொரு பங்காக இருக்கும். புதுக்கொள்கை அவற்றிற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

இக்கல்லூரியின் மாணவச் செல்வங்கள் கார்த்திகை மாதத்து நிலவில்லா முன்னிரவில், விளக்கொளி இல்லாத ஊர்ப்புறத்தில் நின்று வடவானை நோக்குவார்களாயின், அஸ்ஸூஃபி கண்ட அந்தச் சிறுமேகத்தை அவர்களும் காணலாம். அவ்வொளி புறப்பட்டு இருபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் ஆயின. அதனைக் கண்டு வியப்பவர் வியப்போடு நின்றுவிடாது, இது எவ்வளவு தொலைவு, அதனை எவ்வாறு அறிந்தோம், அவ்வறிவில் பிழை நேர இடமுண்டா என்று வினவப் பழகுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் துணிவையும், விடை தமக்கு மாறாக வரினும் ஏற்கும் பணிவையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!